கரையாத பத்தொன்பது மாத்திரைகள்

அப்பாவோடு தொழில் செய்பவர்கள் அவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ரசமட்டம் என்பார்கள். தரை சாய்வாக இருக்கிறதா என்று காட்டும், உள்ளே நீர்க்குமிழி ஓடுகிற அந்தச் சின்னக் கருவியை அவர் சட்டைப் பையில் பேனா மாதிரி வைத்திருப்பார். பிளம்பர் வேலையில் இருபத்தெட்டு வருடம். குழாயின் மேல் ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஊன்றி, அதன் பிடியைக் காதோடு வைத்துக் கேட்டால், சுவருக்குள் எங்கே கசிகிறது என்று சொல்லிவிடுவார். டாக்டர் நெஞ்சில் கருவி வைத்துக் கேட்பதுபோல இருக்கும். அம்மா கேலி செய்வாள்: "சுவத்துக்குக் காது கொடுக்கிறார், பொண்டாட்டிக்குக் கொடுக்கிறதில்ல."

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. அடைத்த சாக்கடையைத் திறந்து, உள்ளிருந்து வந்ததையெல்லாம் கழுவி, ஒரு பழைய செய்தித்தாளில் வரிசையாக அடுக்குவார். பிறகு அந்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவார். ஒரு வீட்டில் ஏழு பல் துலக்கும் பிரஷ் கிடைத்தது. "உங்க பையனுக்குப் பல் விளக்கப் பிடிக்கல. தினமும் பிரஷ்ஷைத் தொலைச்சுட்டேன்னு சொல்றானா?" என்று கேட்டார். அந்த அம்மாள் உடனே பையனைக் கூப்பிடப் போனார். இன்னொரு வீட்டில் வேலைக்காரப் பெண்ணின் மேல் திருட்டுப் பழி விழுந்திருந்தது. அப்பா சாக்கடை வளைவிலிருந்து அந்த வீட்டு அம்மாளின் மோதிரத்தை எடுத்து வைத்தார். அந்த வீட்டுக்காரர் வாசல்வரை வந்து கும்பிட்டாராம். ஒரு வீட்டிலிருந்து என்ன வெளியே போகிறதோ, அதை வைத்து உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. ஒரு தடவைகூட அவர் கணிப்பு பிசகியதில்லை. அதுதான் எங்களுக்கு வினையாக வந்தது.

அம்மா தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடைகள் தைப்பாள். முன்னறையில் காலால் மிதிக்கிற மெஷின், அதைச் சுற்றி நீலமும் வெள்ளையுமாகத் துணித் துண்டுகள். இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் மெஷினில் உட்கார்ந்திருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் இரத்தக் கொதிப்பு அதிகம், இதயத்துக்குப் போகிற இரத்தக் குழாய்களும் இறுகுகின்றன என்றார்கள். ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். செங்கல் நிறத்தில், சட்டைப் பொத்தான் அளவுக்கு உருண்டையாக இருக்கும். அன்று அம்மா தனியாகத்தான் டாக்டர் அறைக்குள் போனாள். வெளியே வந்து, "காலைல ஒண்ணு," என்றாள். டாக்டர் வேறு என்ன சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

காலையில் ஒன்று. அப்படியே இரண்டு வருடம் ஓடியது. வாரத்துக்கு இரண்டு முறை வீட்டிலிருந்த பிரஷர் மெஷினில் அம்மாவுக்குப் பார்த்து நோட்டில் எழுதுவது என் வேலை. எண்கள் பெரும்பாலும் நன்றாகவே இருந்தன. எழுதி மூடி வைத்துவிடுவேன்.

ஊரார் வீட்டு அடைப்பென்றால் ஒரு மணி நேரத்தில் போய் நிற்கிற அப்பா, எங்கள் வீட்டுக் கழிப்பறையில் தண்ணீர் மெதுவாக இறங்குகிறது என்று அம்மா சொல்லி மூன்று வாரம் கழித்துத்தான் கையை வைத்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டுப் பின்பக்கம் சிமெண்ட் மூடியைத் தூக்கிவிட்டு, முழங்கை வரை உறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"பாத்துப் பண்ணுங்க, ரசமட்டம் உள்ளே விழுந்துடப் போகுது," என்றாள் அம்மா சமையலறை ஜன்னல் வழியாக.

"விழுந்தா உன் மெஷினை அடகு வச்சு வாங்கிக்கிறேன்."

குழாய் இணைப்பில் நீலத் துணி நூல்கள் சிக்கி, வலை மாதிரி பின்னிக்கொண்டு நின்றன. அப்பா அதை இழுத்தார். பக்கெட்டில் போட்டுக் கழுவினார். செய்தித்தாளை விரித்தார். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தாள் சரசரக்கிற சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தேன்.

தாளில் மாத்திரைகள் இருந்தன. முழு மாத்திரைகள். நிறம் வெளுத்து, ஊறிய பட்டாணி மாதிரி கொஞ்சம் உப்பி, ஆனால் உடையாமல், உருவம் கலையாமல். அப்பா விரலால் நகர்த்தி எண்ணினார். பத்தொன்பது.

அவை அம்மாவின் மாத்திரைகள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"அம்மாவைக் கூப்பிடு," என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது.

அம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வந்தாள். தாளைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"இது என்ன?"

"அதை நான் கேக்கணும். எத்தனை நாளா நடக்குது?"

"எது?"

"மாத்திரையைக் கழிப்பறைல போட்டுத் தண்ணி ஊத்துறது."

அம்மாவின் முகம் வெளுத்தது. "நான் எதுக்குப் போடறேன்? தினமும் முழுங்குறேன்."

"முழுங்கின மாத்திரை முழுசா எப்படி இங்க வரும்? இருபத்தெட்டு வருஷமா இதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். என்கிட்டயே கதை விடாதே. கால் வீங்குது, கால் வீங்குதுன்னு முனகிக்கிட்டு இருந்தவதானே நீ?"

"முழுங்கினேன்னு சொல்றேன்ல."

"நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தது மறந்துபோச்சா? உனக்கு ஒண்ணுன்னா இந்த வீட்டுல ரெண்டு பேர் என்ன ஆவோம்னு யோசிச்சியா?"

அவர் கோபத்தில் பேசவில்லை. பயத்தில் பேசினார். அம்மாவுக்கு அது புரிந்திருக்கலாம். ஆனால் அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று முழுவதும் மெஷின் சத்தம் கேட்கவில்லை.

மறுநாள் காலை அப்பா தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அம்மா எதிரே வந்து நின்றாள். அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்தாள். வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

"டார்ச் வேணுமா?"

அப்பா தலை குனிந்துகொண்டார். அவளை முப்பது வருடமாகத் தெரியும் அவருக்கு. பொய் சொல்கிற முகம் அது இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் அப்படியானால் அந்தப் பத்தொன்பதும் எங்கிருந்து வந்தன?

அவர் ஒரு சோதனை செய்தார். புது மாத்திரை ஒன்றை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். மதியம் வந்து பார்த்தார், மாத்திரை அப்படியே இருந்தது. மாலையும் இருந்தது. அடுத்த நாள் விடிந்ததும் டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது, அவ்வளவுதான். மாத்திரை அடியில் முழுசாக உட்கார்ந்திருந்தது. ஒரு கரண்டியால் எடுத்துத் திருப்பினார். ஒரு பக்கத்தில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை.

"பாப்பா, இதைப் பாரு. பூச்சி அரிச்ச மாத்திரை. ஒரு நாள் முழுக்க தண்ணில கிடந்தும் கரையல. வயித்துல மட்டும் எப்படிக் கரையும்?"

நான் பார்த்தேன். துளை இருந்தது. எனக்கும் அப்போது அது பழுதாகத்தான் தெரிந்தது.

"ரெண்டு வருஷம்," என்றார். "ரெண்டு வருஷமா கல்லை முழுங்கிக்கிட்டு இருந்திருக்கா. மருந்து ஒரு துளி உள்ளே போகல. நான் அவளைத் திட்டினேன்." நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நோட்டில் எண்கள் நன்றாக இருந்தனவே, மருந்தே உள்ளே போகாமல் அது எப்படி என்று எனக்குத் தோன்றியது. வாய்வரை வந்தது. பிரஷர் மெஷினின் பேட்டரி பழசாகியிருக்கும் என்பார், எதற்கு என்று விட்டுவிட்டேன்.

டாக்டர் வியாழக்கிழமைதான் வருவார்; அன்று போய் முகத்துக்கு நேராகக் கேட்பது என்று முடிவாயிற்று. மருந்துக் கடைக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போலி மாத்திரையை விற்றவனிடமே போய்க் கேட்பதா என்று அப்பா மறுத்தார். ஆனால் வியாழனுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. "அதுவரைக்கும் மருந்தில்லாம விடக் கூடாது. இன்னைக்காவது உள்ளே போகணும்," என்றார்.

குறடு ஒன்றை எடுத்தார். மாத்திரையை ஒரு மெல்லிய துணியில் சுற்றி, குறட்டின் வாயில் வைத்து அழுத்தினார். முதலில் வழுக்கியது. "பாத்தியா, எவ்வளவு கெட்டி," என்றார். இரண்டாவது முறை டக்கென்று உடைந்தது. பிறகு சுத்தியலின் அடிப்பக்கத்தால் தட்டித் தூளாக்கினார். ஒரு துகள்கூடச் சிந்தாமல் துணியை டம்ளரில் உதறி, தண்ணீர் ஊற்றிக் கலக்கினார். இத்தனை கவனமாக அவர் எந்த வேலையும் செய்து நான் பார்த்ததில்லை.

அம்மா குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "உங்க சுத்தியலையும் சேர்த்துக் கலக்கிட்டீங்களா?"

"கசந்தாதான் மருந்து."

இரண்டு நாள் கழித்து அவர்கள் பேசிக்கொண்டது அதுதான். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். அம்மா மெஷினில் உட்கார்ந்திருந்தாள். "என்னமோ முகமெல்லாம் காந்துது," என்றாள். திரும்பிப் பார்த்தேன். கன்னமும் கழுத்தும் சிவந்திருந்தன. "தலை இடிக்குது. நெஞ்சு படபடங்குது பாப்பா." தண்ணீர் எடுக்க எழுந்தாள். இரண்டு அடி வைத்தாள். மூன்றாவது அடி வைக்கக் கால் எழவில்லை. துணிக் குவியலின் மேல் அப்படியே சரிந்தாள்.

அப்பா குளியலறையிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தார். "ஏம்மா. ஏம்மா, இங்க பாரு." அவள் கண் பாதி திறந்திருந்தது. முகத்தின் சிவப்பு போய்ச் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. கை வியர்த்துச் சில்லிட்டது. நான் பிரஷர் மெஷினைக் கட்டினேன். முதல் முறை எண்ணே வரவில்லை. இரண்டாம் முறை மேல் எண் அறுபத்தெட்டு என்று காட்டியது. அம்மாவுக்கு அப்படி ஒரு எண்ணை நான் எழுதியதே இல்லை.

அவசர எண்ணுக்கு அழைத்தேன். மறுமுனையில் ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது: மல்லாக்கப் படுக்க வையுங்கள், காலை உயர்த்துங்கள், குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள், மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள், சாப்பிட்ட மாத்திரையின் அட்டையை எடுத்து வையுங்கள். அப்பா தன் கருவிப் பையை இழுத்து வந்து அம்மாவின் கால்களை அதன் மேல் தூக்கி வைத்தார். பிறகு அவள் தலைமாட்டில் மண்டியிட்டு, அவள் மூக்கின் முன் விரலை வைத்தபடி அசையாமல் இருந்தார். வண்டி வரப் பதினோரு நிமிடம் ஆனது. அந்தப் பதினோரு நிமிடமும் அவர் விரலை எடுக்கவில்லை.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டருக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். அம்மாவின் இரண்டு கையிலும் ஊசி ஏற்றினார்கள். திரையில் எண்கள் மேலேயும் கீழேயும் தடுமாறின. டாக்டர் எங்களிடம் திரும்பினார்.

"என்ன மாத்திரை? எத்தனை?"

"ஒண்ணுதான்," என்றார் அப்பா. "தினமும் போடற ஒண்ணுதான். அது கரையாத மாத்திரை டாக்டர். போலி. இதோ." பையிலிருந்து எடுத்து நீட்டினார். அந்தப் பத்தொன்பதும் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்தன. "அதனால இன்னைக்கு நான் நல்லா தூளாக்கிக் கொடுத்தேன்."

டாக்டர் உறையைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். உடனே நர்ஸிடம் திரும்பி, "மருந்தை முறிக்கக் கால்சியம் ஊசி எடுங்க, சீக்கிரம்," என்றார். மேலும் இரண்டு பேர் வந்தார்கள். எங்களை வெளியே அனுப்பினார்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் அவர் வெளியே வந்தார். அந்தப் பிளாஸ்டிக் உறை அவர் கையில் இருந்தது.

"இப்போ பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கு. நாளைக்கு வரைக்கும் பக்கத்துலயே வச்சுப் பாக்கணும். இன்னும் உறுதியா எதுவும் சொல்ல முடியாது," என்றார். பிறகு உறையைத் தூக்கிக் காட்டினார். "இது போலி இல்லைங்க. இது வெறும் தோல். உள்ளே இருந்த மருந்து எல்லாம் அவங்க உடம்புக்குள்ள போயிடுச்சு. இந்தத் தோல் கரையாது, கரையவும் கூடாது. வயித்துல இருக்கிற தண்ணி உள்ளே போகும், மருந்தை இந்தத் துளை வழியா கொஞ்சம் கொஞ்சமா வெளியே தள்ளும். ஒரு நாள் முழுக்க. கடைசில தோல் மட்டும் மலத்தோட வெளியே வந்துடும்."

அப்பா அந்த உறையை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"தூளாக்கினதுல இருபத்து நாலு மணி நேரத்துக்கு உள்ள மருந்து ஒரே தடவையா இரத்தத்துல இறங்கிடுச்சு. இரத்தக் குழாய் எல்லாம் ஒரேயடியா விரிஞ்சுபோச்சு. இருக்கிற இரத்தம் போதல. அதான் பிரஷர் அப்படி விழுந்துச்சு. எல்லா பிரஷர் மாத்திரையும் இப்படி இல்ல, உடைக்கக் கூடியதும் இருக்கு. ஆனா எது எப்படின்னு கேக்காம உடைக்கக் கூடாது, கடிக்கக் கூடாது, தூளாக்கக் கூடாது."

"அந்தத் துளை," என்றார் அப்பா.

"ஆமா. கம்பெனியிலயே வேணும்னு போடற துளை."

"சொட்டு வால்வு." அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "நான் அதைப் பாத்தேன் டாக்டர். கையில வச்சு, வெளிச்சத்துல தூக்கிப் பாத்தேன். சொட்டு வால்வு. தண்ணியைச் சொட்டுச் சொட்டா விடறதுக்குப் போடற வால்வு. என் தொழிலே அதுதான். நான் பூச்சின்னு சொன்னேன்."

சுவரில் சாய்ந்து அப்படியே கீழே இறங்கி உட்கார்ந்தார். வழியில் போனவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

வீட்டிலிருந்து அள்ளி வந்த பையில் மாத்திரை அட்டைப் பெட்டியும் இருந்தது. உள்ளே எட்டாக மடித்த ஒரு தாள். எங்கள் வீட்டில் என்னால் மட்டுமே படிக்கக்கூடிய ஆங்கிலத்தில் இருந்தது அது. அந்த நடைபாதையில் நின்று முதல் முறையாகப் பிரித்தேன். முழுதாக விழுங்கவும். வெற்று உறை மலத்தில் தெரியலாம், கவலை வேண்டாம். அத்தனை பொடி எழுத்துக்கு நடுவே இரண்டு வரிகள்தான்.

டாக்டர் என் நோட்டையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். "இவ்வளவு நல்லா கட்டுக்குள்ள இருந்திருக்கே. மருந்து போகலன்னா இந்த எண் எப்படி வரும்?" என்றார். பக்கங்களைப் புரட்டியவர் போன வருடத்துப் பக்கம் ஒன்றில் நிறுத்தினார். "இந்த வாரம் மட்டும் நூற்று எழுபத்தாறு, நூற்று எண்பத்திரண்டு. அப்போ என்ன ஆச்சு?"

என் கையெழுத்துதான். எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரியவில்லை.

அம்மா மறுநாள் மதியம்தான் தெளிவாகப் பேசினாள். அதுவரை அப்பா சாப்பிடவில்லை, உட்காரவும் இல்லை. அவள் தண்ணீர் கேட்டுக் குடித்த பிறகு, கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"நான்தான் உனக்கு இப்படிப் பண்ணிட்டேன்."

"நர்ஸ் சொன்னாங்க."

"உன்னையும் சந்தேகப்பட்டேன். நீ ஒண்ணையும் தூக்கிப் போடல."

அம்மா மேல்கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். ஊசி குத்திய கையை மெதுவாக மடித்தாள்.

"அந்தப் பத்தொன்பதுல ஒண்ணுகூட நான் தூக்கிப் போட்டதில்லங்க. ஆனா போன வருஷம் எட்டு நாள் தூக்கிப் போட்டேன்."

அப்பாவுக்குப் புரியவில்லை.

"கால் வீங்கினப்ப. செருப்பு நுழையல, மெஷின் மிதிக்க முடியல. மாத்திரையாலதான்னு தோணுச்சு. எட்டு நாள் துணித் துண்டோட சுருட்டிக் குப்பைல போட்டேன். கடைசி ரெண்டு நாள் நெஞ்சு அடைச்சுது. பயந்துபோய்த் திரும்ப ஆரம்பிச்சேன்."

நூற்று எழுபத்தாறு. நூற்று எண்பத்திரண்டு. நோட்டில் அந்த வாரம்.

"நெஞ்சு அடைச்சுதா?" என்றார் அப்பா. "அப்போ நான் எங்க இருந்தேன்?"

"பக்கத்துலதான் தூங்கிக்கிட்டு இருந்தீங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"கால் வீங்குதுன்னு நாலு தடவை சொன்னேன். பன்னு திங்கிறதைக் குறைன்னு சொன்னீங்க. அஞ்சாவது தடவை சொல்லல."

அப்பா கட்டில் கம்பியிலிருந்து கையை எடுத்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்மணி எங்களைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் அதே டாக்டர் வந்தபோது அப்பா எழுந்து நின்றார். "இவ ஒண்ணு சொல்லணும் டாக்டர். நான் குறுக்கே பேச மாட்டேன்," என்றார். அம்மா சொன்னாள். கால், செருப்பு, எட்டு நாள், நெஞ்சு. டாக்டர் இடையில் நிறுத்தவில்லை. முடிந்ததும் போர்வையை விலக்கினார்.

"வீக்கம் இந்த மாத்திரையோட பக்க விளைவுதான். நிறைய பேருக்கு வரும். எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்ட போய்ச் சொல்லியிருந்தா அளவைக் குறைச்சிருப்பார், இல்லன்னா மாத்திரையையே மாத்தியிருப்பார். நீங்களா திடீர்னு நிறுத்தினதும் ஆபத்துதான். நெஞ்சு வலி திரும்ப வந்திருக்கு பாருங்க."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமா?" என்றாள் அம்மா.

"ஒரு வார்த்தை போதும்."

டாக்டர் அம்மாவின் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தி, விரலை எடுத்தார். வீங்கிய சதையில் ஒரு குழி விழுந்தது. அது நிரம்பும் என்று நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். குழி அப்படியே இருந்தது.